காதில் கம்மல் ஒத்துக்கொள்ளாத அம்மாவுக்கு முழங்கால் மாற்றலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 63 வயது. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன, மாற்று மூட்டு வைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மாவுக்குக் கவரிங் கம்மல் போட்டால் இரண்டே நாளில் காது சிவந்து நீர் வடியும். வாட்ச் கட்டினாலும் மணிக்கட்டில் அரிப்பு. ‘இம்ப்ளான்டில் நிக்கல் இருக்கிறது, ரத்தத்தில் கலந்து விஷமாகும், புற்றுநோய் வரும்’ என்று உறவினர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியைப் படித்ததிலிருந்து ஆபரேஷனே வேண்டாம் என்கிறார். தம்பிக்கு இரண்டு வருஷத்துக்கு முன் பைக் விபத்தில் கால் முறிந்து ஸ்டீல் பிளேட் வைத்தார்கள். அதையும் எடுத்துவிட வேண்டுமா?
– வாசகி, பெரம்பூர், சென்னை

பதில்: அம்மாவுக்கு மூட்டு மாற்றலாம். ஆனால் ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கும் முன் தோல் மருத்துவரிடம் ஒரு வாரம் பிடிக்கும் சோதனை ஒன்றைச் செய்துவிடுங்கள். அதில் என்ன வருகிறது என்று பார்த்துவிட்டு எந்த உலோகத்தில் மூட்டு என்பதை முடிவு செய்யலாம். தம்பியின் பிளேட் தொந்தரவு தராதவரை அது பாட்டுக்கு இருக்கட்டும்.

அந்தச் செய்தியின் குழப்பத்தை முதலில் தீர்ப்போம். உங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளர் நல்ல தரமானதாக இருந்தால் அதில் சுமார் 8 சதவீதம் நிக்கல் இருக்கும். அம்மா ஆயுசு முழுக்க அதில்தான் காபி குடித்திருப்பார்; உதட்டில் கொப்புளம் வந்திருக்காது. கவரிங் கம்மலிலோ தங்க முலாமுக்குக் கீழே பல சமயம் நிக்கல் பூச்சு ஒன்று இருக்கும். முலாம் தேய்ந்ததும் காது வியர்வையின் உப்பு நேரே அந்த நிக்கலைக் கரைக்கத் தொடங்கிவிடும். டம்ளரில் 18 சதவீதம் குரோமியம் இருப்பதால், மேற்பரப்பில் சில நானோமீட்டர் தடிமனில் குரோமியம் ஆக்சைடு படலம் தானாகவே உருவாகி உள்ளே இருப்பதைப் பூட்டி வைக்கிறது. அதனால்தான் ஐரோப்பியச் சட்டம் நகையில் எத்தனை சதவீதம் நிக்கல் என்று கேட்பதில்லை. எவ்வளவு கசிகிறது என்று அளக்கிறது. தோலில் படும் பொருளுக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு வாரத்துக்கு 0.5 மைக்ரோகிராம் வரம்பு. காது, மூக்கு குத்திய துளைக்குள் போகும் தண்டுக்கு 0.2 மட்டும்தான்.

இம்ப்ளான்ட் விஷயமும் இதே கணக்குதான். எலும்பு முறிவுக்கு வைக்கும் 316எல் ரக ஸ்டீலில் 13 முதல் 15 சதவீதம் நிக்கல். இதயத் துளை அடைக்கும் கருவிகளிலும் காலில் வைக்கும் சில ஸ்டென்ட்களிலும் வரும், நிக்கலும் டைட்டானியமும் கலந்த நைடினால் கம்பியில் எடையில் சுமார் 55 சதவீதம். முழங்கால் மூட்டின் மேல்பாகத்துக்கு வழக்கமாகப் பயன்படும் கோபால்ட்-குரோமியம்-மாலிப்டினம் வார்ப்பில் அதிகபட்சம் அரை சதவீதம்தான். டைட்டானியம்-அலுமினியம்-வனேடியம் கலவையில் நிக்கல் சேர்ப்பதே இல்லை; அசுத்தமாக ஒட்டிக்கொண்டு வருவது மிகச் சொற்பம். ஆக, செய்தியைப் பார்த்து அம்மா பயப்படுகிறார். உண்மையில் நிக்கல் அதிகம் இருப்பது தம்பியின் காலில்!

‘விஷம்’ என்ற சொல்லுக்கு வருவோம். நாம் தினமும் சாப்பாட்டில் 100 முதல் 300 மைக்ரோகிராம் நிக்கல் உட்கொள்கிறோம். பருப்பு, முந்திரி, ஓட்ஸ், கோகோ எல்லாவற்றிலும் இருக்கிறது. குடல் அதில் சிறு பங்கைத்தான் உறிஞ்சும், மீதி வெளியேறிவிடும். இம்ப்ளான்டிலிருந்து வருவது குடலைத் தாண்டி நேரே உள்ளே வருவதால் அதற்கு வரம்பு கடுமையாக இருக்க வேண்டும். ஊசி மருந்தில் அசுத்தமாக வரும் நிக்கலுக்குச் சர்வதேச வழிகாட்டுதல் நாளொன்றுக்கு 22 மைக்ரோகிராம் என்று வைத்திருக்கிறது. வாய்வழி மருந்துக்கு அதைப்போலப் பத்து மடங்கு, 220. ரத்தத்துக்குள் வந்த நிக்கலைச் சிறுநீரகம்தான் வெளியேற்றும். அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருந்தால், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினைப் பார்த்துவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள்.

புற்றுநோய் பற்றி: நிக்கல் சேர்மங்கள் மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்ற முடிவு, நிக்கல் சுத்திகரிப்பு ஆலைகளில் தூசியையும் புகையையும் வருஷக்கணக்கில் சுவாசித்த தொழிலாளர்களிடமிருந்து வந்தது. உடம்புக்குள் வைக்கும் உலோகங்களைப் பற்றி உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1999-ல் தனியாகவே பரிசீலித்தது. எலும்பு, மூட்டு இம்ப்ளான்ட்களை அது ‘வகைப்படுத்தப் போதிய ஆதாரம் இல்லை’ என்னும் மூன்றாம் பிரிவில்தான் வைத்தது. ஆலைத் தூசியையும் எலும்பில் ஒட்டிய மூட்டையும் ஒரே வரியில் சேர்த்ததுதான் அந்த வாட்ஸ்அப் செய்தி செய்த வேலை. இன்னொன்று, ஐரோப்பாவில் இப்போது கெடுபிடி அதிகமாகியிருப்பது நிக்கலுக்கு அல்ல, கோபால்டுக்கு. 2021 முதல் அங்கே கோபால்ட் உலோகம் ‘புற்றுநோய் தரக்கூடும்’ என்னும் உயர்பிரிவுக்கு மாறிவிட்டது. இம்ப்ளான்டில் 0.1 சதவீதத்துக்கு மேல் இருந்தால் தயாரிப்பாளர் ஏன் என்று நியாயம் காட்ட வேண்டும். மூட்டுத் தயாரிப்பாளர்கள் வேறு உலோகங்கள் பக்கம் திரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அம்மாவுக்கு நிஜமான கேள்வி அலர்ஜிதான். இங்கேதான் கடந்த பதினைந்து வருஷ ஆராய்ச்சி சுவாரஸ்யமாகிறது. 2010-ல் ஜெர்மனி ஆய்வாளர்கள் கண்டது இது: பாக்டீரியா வந்தால் மணியடிக்க வேண்டிய டிஎல்ஆர்4 என்ற ஏற்பி மனித செல்லில் நிக்கலைக் கண்டாலே மணியடித்துவிடுகிறது. மனித ஏற்பியில் குறிப்பிட்ட இடத்தில் இருக்கும் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலங்களை நிக்கல் பிடித்துக்கொள்கிறது. சுண்டெலிக்கு அந்த இடத்தில் அவை இல்லை. அதனால்தான் சுண்டெலிக்கு நிக்கல் அலர்ஜியைச் சுலபமாக வரவழைக்க முடிவதில்லை. இதன் விளைவு பெரிது. எலியில் போட்டுப் பார்த்து ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று சொல்லும் சோதனை நிக்கல் விஷயத்தில் அரைச் சாட்சிதான். கோபால்டும் அதே ஏற்பியைத் தட்டுகிறது என்று பிறகு தெரிந்தது. நிக்கல் ஒத்துக்கொள்ளாதவர்களில் பலருக்குக் கோபால்டும் ஒத்துக்கொள்வதில்லை. ஆகவே ‘இதில் நிக்கல் அரை சதவீதம்தானே’ என்று யாராவது சொன்னால் பேச்சு அங்கே முடிவதில்லை. அந்த மூட்டில் அறுபது சதவீதத்துக்கு மேல் கோபால்ட்.

இப்போது சோதனை. பெயர் பேட்ச் டெஸ்ட். தோலில் ஊசியால் குத்திப் பார்க்கும் அலர்ஜி சோதனையும் ரத்தத்தில் ஐஜிஇ பார்ப்பதும் இதற்கு உதவாது. அவை உடனடி அலர்ஜிக்கானவை. நிக்கல் அலர்ஜி நாள் கழித்து வருவது. ரத்தத்தில் நிக்கல் அளவைப் பார்க்கச் சொல்லும் லேப் பேக்கேஜ்களுக்கும் பணம் கொடுக்காதீர்கள். ரத்தம் எடுக்கும் ஸ்டீல் ஊசியிலிருந்தே நிக்கல் கலந்துவிடலாம். தவிர, வரும் எண்ணை வைத்து ‘இதற்கு மேல் ஆபத்து’ என்று சொல்ல ஏற்கப்பட்ட வரம்பும் கிடையாது. வெள்ளையணுக்களை உலோகத்தோடு வளர்த்துப் பார்க்கும் எல்டிடி சோதனை ஆராய்ச்சிக்குப் பயன்படும். ரத்தம் புதிதாகவே லேபுக்குப் போய்ச் சேர வேண்டும், பொய்யான பாசிடிவ் வருவதும் உண்டு. முதல் சோதனையாக அதை நான் சொல்லமாட்டேன்.

பேட்ச் டெஸ்ட் நடப்பது இப்படி. வாசலினில் கலந்த 5 சதவீத நிக்கல் சல்பேட், தனித்தனியே கோபால்ட் உப்பு, குரோமியம் உப்பு ஆகியவற்றைச் சின்ன வட்டக் கிண்ணங்களில் வைத்து மேல்முதுகில் டேப் போட்டு ஒட்டுவார்கள். மூட்டு மாற்றுக்காக என்று சொன்னால், மூட்டை எலும்போடு ஒட்டவைக்கும் எலும்பு சிமென்ட்டின் பொருட்களையும் சிமென்ட்டில் கலக்கும் ஜென்டாமைசின் ஆன்டிபயாட்டிக்கையும் சேர்த்து ஒட்டச் சொல்லலாம். இதைக் கேட்டே வாங்குங்கள். உலோகத்தைக் குறைசொல்லி மூட்டை மாற்றிய பிறகு குற்றவாளி சிமென்ட் என்று தெரியவருவது பரிதாபம்.

திங்கள்கிழமை ஒட்டினால் புதன்கிழமை எடுப்பார்கள். எடுத்ததும் டேப் இழுத்த சிவப்பு இருக்கும். அரை மணி நேரம் உட்கார்ந்த பிறகுதான் முதல் பார்வை. வெள்ளிக்கிழமை இரண்டாவது பார்வை. அடுத்த திங்கள் மூன்றாவது. அந்த மூன்றாவதைத்தான் பலர் ‘ஒன்றும் இல்லையே’ என்று விட்டுவிடுகிறார்கள். உலோகங்கள் தாமதமாகக் காட்டும். நான்காம் நாள் வெறுமையாக இருந்த இடம் ஏழாம் நாள் தடித்து நிற்பதுண்டு.

சென்னையில் இந்தச் சோதனை கெடுவது வியர்வையால்தான். அக்னி நட்சத்திர வெயிலில் ஒட்டினால் டேப் இரண்டாம் நாளே கழன்று தொங்கும், வேர்க்குருவும் சேர்ந்துகொள்ளும். முடிந்தால் மார்கழி, தை மாதங்களில் செய்யுங்கள். இல்லையென்றால் அந்த இரண்டு நாளும் அம்மா ஏசி அறையில் இருக்கட்டும். முதுகில் தண்ணீர் படாமல் துடைத்துக் குளிக்க வேண்டும், ஏழு நாளும் முதுகில் எண்ணெய் தேய்க்கக் கூடாது, மார்க்கர் கோடு அழியக் கூடாது. கோபால்ட் இடத்தில் வியர்வைத் துளை ஒவ்வொன்றிலும் ஊசி முனை அளவுக்குச் சிவப்புப் புள்ளிகள் வரலாம். தோல் தடிக்காமல் புள்ளி மட்டும் இருந்தால் அது அலர்ஜி இல்லை. கையால் தடவிப் பார்த்தால் தெரியும்: அலர்ஜி என்றால் தோல் மேடாகக் கெட்டியாக இருக்கும், கூடவே சின்னக் கொப்புளங்கள். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டாலோ, முழங்காலுக்குள் சமீபத்தில் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தாலோ தோல் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தேய்ந்த மூட்டுக்காரர்களில் பலர் இந்த ஊசி போட்டிருப்பார்கள், சொல்ல மறப்பார்கள். சோதனை சில வாரம் தள்ளிப்போகும், பரவாயில்லை.

சரி, நிக்கல் பாசிடிவ் என்று வந்தால்? மூட்டு கெட்டுவிடும் என்று அர்த்தமில்லை. டென்மார்க்கில் முழங்கால் மாற்றுப் பதிவேட்டையும் பேட்ச் டெஸ்ட் பதிவேட்டையும் ஒட்டிப் பார்த்த ஆய்வு 2015-ல் வந்தது. மறு ஆபரேஷன் தேவைப்பட்டவர்களிடம் உலோக அலர்ஜி மற்றவர்களைவிட அதிகம் இல்லை. ஆனால் இரண்டு தடவையோ அதற்கு மேலோ மறு ஆபரேஷன் செய்தவர்களிடம் கோபால்ட், குரோமியம் அலர்ஜி அதிகம் இருந்தது. அலர்ஜியால் மூட்டு கெட்டதா, கெட்ட மூட்டிலிருந்து உதிர்ந்த உலோகத்தால் அலர்ஜி வந்ததா என்பதை இந்த வகை ஆய்வால் பிரிக்க முடியாது. அதனால்தான் எல்லோருக்கும் ஆபரேஷனுக்கு முன் பேட்ச் டெஸ்ட் என்பதை நிபுணர்கள் ஏற்பதில்லை. உங்கள் அம்மாவைப் போல நீர் வடியும் அளவுக்குத் தெளிவான வரலாறு இருப்பவர்களுக்கு மட்டும்தான்.

பாசிடிவ் வந்தால் என் யோசனை இது: மாற்று உலோகம் கிடைக்கிற ஊரில் வீண் வாதம் எதற்கு? மேல்பாகம் ஆக்சைடு ஏற்றிய ஜிர்கோனியத்தில் கிடைக்கும். ஜிர்கோனியம்-நியோபியம் கலவையைக் காற்றில் சூடாக்கி மேற்பரப்பையே சுமார் 5 மைக்ரான் தடிமனுக்குக் கறுப்புச் செராமிக்காக மாற்றியிருப்பார்கள். கீழ்த்தட்டு டைட்டானியம் கலவை, நடுவில் பாலிஎத்திலீன். இன்னொரு வகை, கோபால்ட்-குரோமியத்தின் மேல் தங்க நிற நைட்ரைடு பூச்சு. பூச்சு நன்றாக இருக்கும்வரை கசிவைக் குறைக்கும். ஆனால் அடியில் இருப்பது அதே கோபால்ட்தான், கீறல் விழுந்தால் அது வெளியே தெரியும். பேட்ச் டெஸ்டில் கோபால்டும் பாசிடிவ் என்றால் முதல் வகையைத்தான் கேட்பேன்.

‘அலர்ஜி ஃப்ரீ மூட்டு போடுங்கள்’ என்று சர்ஜனிடம் சொல்லாதீர்கள். அப்படி ஒரு பொருளே இல்லை, விற்பனைப் பிரதிநிதியின் வார்த்தை அது. ‘மேல்பாகம் என்ன உலோகம், கீழ்த்தட்டு என்ன உலோகம், சிமென்ட்டில் ஜென்டாமைசின் உண்டா’ என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதிலை எழுதி வாங்குங்கள். காந்தம் வைத்துப் பார்ப்பது பலனில்லை. 316எல்லும் ஒட்டாது, டைட்டானியமும் ஒட்டாது. விலையைப் பொறுத்தவரை, தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2017 ஆகஸ்டில் உச்சவரம்பு வைத்தபோது கோபால்ட்-குரோமியம் முழங்காலுக்கு 54,720 ரூபாய், டைட்டானியம் அல்லது ஆக்சைடு ஜிர்கோனியத்துக்கு 76,600 ரூபாய், ஜிஎஸ்டி தனி. வரம்பு அவ்வப்போது மாறும். இன்றைய தொகையை ஆணையத்தின் உத்தரவில் பார்த்துவிட்டே பில்லில் கையெழுத்துப் போடுங்கள். காப்பீடு என்றால் சிறப்பு உலோகத்துக்கு முன் அனுமதி வேண்டுமா என்பதையும் கேளுங்கள்.

ஒரு சின்ன விஷயம். காயத்தை மூடும் ஸ்டேப்ளர் பின்களும் நிக்கல் உள்ள ஸ்டீல்தான். அம்மாவுக்கு நூல் தையல் போடச் சொல்லுங்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று முதல் ஆறு மாதம் முழங்கால் சற்றுச் சூடாக, வீங்கினாற்போல இருப்பது சகஜம். முதல் வாரங்களில் காயத்தைச் சுற்றி அரிப்பு வந்தால் பெரும்பாலும் டேப் பசையோ ஆன்டிசெப்டிக்கோ நியோமைசின் களிம்போதான். மாதங்கள் கழிந்தும் வலி, வீக்கம், விறைப்பு போகவில்லை என்றால் நிக்கலைக் குற்றவாளியாக்குவதற்கு முன் கிருமியைத் தேட வேண்டும்: ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., மூட்டு நீரை எடுத்துச் செல் எண்ணிக்கை, கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பதினான்கு நாள் கல்சர். நீர் எடுக்கும் முன் இரண்டு வாரமாவது ஆன்டிபயாட்டிக் சாப்பிடாமல் இருந்தால்தான் கல்சர் உண்மை சொல்லும். அடுத்து எக்ஸ்ரேயில் தளர்ச்சி, பாகங்கள் திரும்பி உட்கார்ந்திருக்கின்றனவா, வலி முதுகிலிருந்தோ இடுப்பிலிருந்தோ வருகிறதா என்று பார்க்க வேண்டும். இவை எல்லாம் இல்லை என்றான பிறகுதான் அலர்ஜி. முழங்கால் மாற்றியவர்களில் ஐந்தில் ஒருவருக்கு ஏதோ ஒரு குறை மிஞ்சுகிறது. அவர்கள் எல்லோருக்கும் உலோகம் காரணமாக இருக்க வழியில்லை.

நைடினால் பற்றி இரண்டு வார்த்தை. இதுபோன்ற பயமுறுத்தும் செய்திகளின் மூலவேர் பெரும்பாலும் அதுதான். எஷ்யூர் என்ற கருத்தடைச் சுருளில் நைடினால் இருந்தது; பெண்களிடமிருந்து ஏராளமான புகார்கள் வந்து 2018 இறுதியில் அமெரிக்காவில் விற்பனை நின்றது. அந்நாட்டு மருந்துத் துறை 2019-ல் உலோக இம்ப்ளான்ட்களுக்கு உடம்பு காட்டும் எதிர்வினைகளை நிபுணர் குழு முன் வைத்தது. 2020-ல் நைடினால் கருவிகளுக்குத் தனி வழிகாட்டுதல் வெளியிட்டது. அதன் சாரம் மேற்பரப்பு பற்றியது. ஒரே கம்பியைச் சூட்டில் வடிவமைத்துக் கறுத்த தடித்த ஆக்சைடோடு விட்டால், அந்த ஆக்சைடுக்கு அடியில் நிக்கல் செறிந்த அடுக்கு ஒன்று தங்கிவிடும், கசிவு அதிகம். அதே கம்பியை எலெக்ட்ரோ பாலிஷ் செய்து பளபளப்பாக்கினால் மெல்லிய டைட்டானியம் ஆக்சைடு மட்டும் நிற்கும். கசிவு பல மடங்கு குறையும். இதயத் துளை அடைக்கும் நைடினால் கருவி வைத்தவர்களின் ரத்தத்தை அளந்தபோது நிக்கல் ஒரு மாதத்தில் உச்சம் தொட்டு, ஓராண்டுக்குள் பழைய அளவுக்கே இறங்கியது.

தம்பிக்கு வருவோம். ஸ்டீல் பிளேட்டின் உலோகம் அரித்துக் கரைகிற இடம் பிளேட்டின் நடுப்பகுதி இல்லை. ஸ்குரூ தலை பிளேட்டின் துளையில் உட்காரும் அந்த மயிரிழை இடுக்கு. உள்ளே ஆக்சிஜன் போகாது, படலம் கெட்டால் மறுபடி உருவாகாது, குளோரைடு சேரும், அமிலத்தன்மை ஏறும். நடக்கும்போது நுண்ணியதாக உரசுவது மிச்சத்தையும் தேய்க்கும். எடுத்த பிளேட்டைப் பார்த்தால் ஸ்குரூ துளை விளிம்பில் கறுத்த வளையம் தெரியும். கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் உலோகவியலாளர்கள் இம்ப்ளான்ட் உலோகம் அரித்துப்போவது பற்றி 2003-லேயே விரிவான ஆய்வுக்கட்டுரை எழுதியிருக்கிறார்கள். நிக்கலுக்குப் பதில் 23 சதவீதம் மாங்கனீசும் சுமார் 1 சதவீதம் நைட்ரஜனும் சேர்த்த, நிக்கல் 0.05 சதவீதத்துக்கு மேல் போகாத ஸ்டீலுக்குத் தரநிர்ணயமும் வந்துவிட்டது. நம் ஊர்க் கடையில் கேட்டால் இன்னமும் பெரும்பாலும் 316எல்தான் வரும்.

அவருக்கு வலி, பிளேட் மேல் தோலில் அரிப்பு, சீழ், பிளேட் தோலுக்கடியில் உறுத்துவது எதுவும் இல்லை என்றால் எடுக்க வேண்டியதில்லை. அரிப்போ படையோ விடாமல் இருந்தால் எக்ஸ்ரே, சி.ஆர்.பி. பார்த்து, எலும்பு முழுக்கச் சேர்ந்திருந்தால் எடுத்துவிடலாம். பழைய டிஸ்சார்ஜ் சம்மரியில் இம்ப்ளான்ட் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதில் உள்ள ரெஃப் எண், லாட் எண்ணைச் சர்ஜனிடம் காட்டினால் ஸ்குரூ தலைக்குப் பொருந்தும் ஸ்குரூடிரைவரை முன்பே வரவழைத்து வைப்பார். தலை வழுக்கிப் போய் ஸ்குரூ எலும்பிலேயே மாட்டிக்கொள்வது இந்த ஆபரேஷனில் அடிக்கடி நடக்கும் கஷ்டம். எடுத்த பிறகு ஸ்குரூ துளைகள் எலும்பால் நிரம்பும்வரை அந்தக் கால் பலவீனம். ஆறு வாரம் சர்ஜன் சொல்லும் அளவுக்கு மேல் பாரம் கூடாது, மூன்று மாதம் கிரிக்கெட், ஓட்டம், பைக்கை உதைத்து ஸ்டார்ட் செய்வது எதுவும் வேண்டாம்.